பொருளாதாரப் பட்டமும் அதன்பின் உள்ள தொழில்களும்

வைத்தியம் பயின்றவர் வைத்தியராவார் என்பதும், சட்டம் பயின்றவர் வக்கீலாவார் என்பதும் யாவரும் அறிந்தவை. பொருளாதாரம் பயின்றவர் என்னவாவார் என்னும் வினாவுக்கு மட்டும் கிராமங்களில் விடை எளிதில் கிடைப்பதில்லை. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்காக நஞ்சையை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. விற்றுவிடும் குடும்பங்களும் உண்டு. ஆகவே, அவ்வினாவுக்குத் தக்க விடையை அறிந்த பின்னரே பொருளைச் செலவிடுதல் முறையாகும்.

சுருங்கக் கூறின், பொருளாதார பி.ஏ. பட்டம் தனித்து நின்று நல்ல உத்தியோகம் அளிப்பது அரிது. எருது பூட்டாத ஏர் உழாதவாறு போல, கணிதமும் புள்ளியியலும் சேராத பொருளாதாரக் கல்வி பெரும் பயன் தருவதில்லை. அவை சேர்ந்துவிடின், அப்பட்டத்திற்குத் திறக்கும் கதவுகள் பல. அவற்றுட் சில, விவசாயிகளின் வரவு செலவையே நிர்ணயிக்கும் இடங்களாகும்.

கிராமமும் இக்கல்வியும்

பொருளாதாரம் பட்டணத்து வியாபாரிகளுக்கே உரிய கல்வி என்று எண்ணுதல் தவறு. சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்திற்கு முதல் பேராசிரியராக 1915-ஆம் ஆண்டில் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணாக்கர்களிடம் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களின் நிலம், பயிர், கூலி, கடன் ஆகியவற்றை நேரில் விசாரித்து எழுதி வரச் செய்தார். தென்னார்க்காடு ஜில்லாவின் இருவேல்பட்டு, வடஆர்க்காடு ஜில்லாவின் தூசி, திருநெல்வேலி ஜில்லாவின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அவ்விவரங்கள் 1918-இல் நூலாக வெளிவந்தன. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் அதே கிராமங்களை 1936-37-இல் மறுபடியும் ஆராய்ந்து, 1940-இல் வேறொரு நூலை வெளியிட்டனர். இருபது ஆண்டுகளில் குடியானவர் நிலை எவ்வாறு மாறிற்று என்பதை ஒப்பிட்டு அறிய அவை இன்றும் துணை செய்கின்றன. சாகுபடியையும் கூலியையும் கடனையும் வீட்டிலேயே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இக்கல்வியில் இயல்பாகவே ஒரு பிடிப்பு உண்டு என்பதை இதனால் உணரலாம்.

முதலில் கவனிக்க வேண்டுவது

பிள்ளையின் எதிர்காலம் பெரும்பாலும் கல்லூரியில் அன்று, பதினோராம் வகுப்பிலேயே தீர்மானிக்கப்படுகிறது. கணிதம் இல்லாத பாடப் பிரிவில் சேர்ந்தவருக்கும் பி.ஏ. பொருளாதார வகுப்பில் இடம் கிடைக்கக்கூடும். ஆயினும், எம்.ஏ. படிப்புக்குப் பெயர் பெற்ற கல்விக் கூடங்கள் நடத்தும் நுழைவுத் தேர்வுகளில் கணிதமும் புள்ளியியலும் தாராளமாக வினவப்படுகின்றன. அங்கே பலர் பின்தங்குவதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று, முற்பயிற்சி இன்மையே. ஆகவே கணிதம் உள்ள பிரிவில் சேர்த்தல் நலம். அதற்கு இயலாதபோது, கல்லூரியிலாவது புள்ளியியலைத் துணைப்பாடமாகக் கொள்ளுதல் வேண்டும். கணக்குப் பொறியில் புள்ளி விவரங்களை ஒழுங்குபடுத்தவும், ஆங்கிலத்திலும் தமிழிலும் பிழையற அறிக்கை எழுதவும் பழகுதல் அடுத்தபடியாக அவசியம்.

சர்க்கார் உத்தியோகங்கள்

மத்திய சர்க்காரில் பொருளாதாரத்திற்கென்றே அமைந்தது 1961-இல் ஏற்படுத்தப்பெற்ற இந்தியப் பொருளாதாரப் பணியாகும். மத்தியத் தேர்வாணையம் இதற்குப் பரீட்சை நடத்துகிறது. பொருளாதாரத்திலோ அதன் உட்பிரிவுகளிலோ முதுகலைப் பட்டம் வேண்டும். வயது 21-க்குக் குறையாமலும் 30-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். சில வகுப்பினருக்கு வயதில் சலுகை உண்டு. இதனோடு ஒத்த இந்தியப் புள்ளியியல் பணிக்கு, புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட இளங்கலைப் பட்டமே போதுமானது. துணைப்பாடத்தின் அருமை இங்கே விளங்கும்.

1935-இல் தொடங்கப்பெற்ற ரிசர்வ் பாங்கியில், பொருளாதார ஆராய்ச்சிப் பகுதிக்கு முதுகலைப் பட்டதாரிகளைத் தனியே தேர்ந்தெடுக்கின்றனர். மாகாணப் பணிகளிலோ, எப்பட்டம் பெற்றவரும் தேர்வாணையத்தின் முதல் தொகுதி, இரண்டாம் தொகுதிப் பரீட்சைகளை எழுதலாம். இந்தியப் பொருளாதாரம் அவற்றில் ஒரு பாடமாதலால், இக்கல்வி கற்றவருக்கு ஓரளவு அனுகூலம் உண்டு.

தமிழ்நாட்டில் பொருளாதாரப் புள்ளியியல் துறை என்றொரு இலாகா உண்டு. பருவமும் பயிரும் பற்றிய அறிக்கையைத் தொகுத்து வெளியிடுவது இவ்விலாகாவே. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பதியும் பரப்பும், அறுவடைக் காலத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவில் வெட்டி நிறுக்கும் நெல்லின் எடையும் மகசூல் கணக்குக்கு அடிப்படையாகின்றன. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு பகுதிக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதும் இத்தகைய பயிர் அறுவடைச் சோதனையைப் பொறுத்ததாக அமைந்தது. அச்சிறு பாத்தியின் நிறை பிழைபட்டால் ஒரு பகுதியின் குடியானவர் அனைவரும் நஷ்டமடைவர். எனவே இத்தொழிலில் கணக்கறிவுடன் நேர்மையும் நிலத்தைப் பற்றிய அனுபவமும் உடையவர் அமர்வது கிராமத்திற்கே நன்மையாகும்.

விலையை நிர்ணயிப்போர்

நெல், சோளம், நிலக்கடலை முதலிய விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைச் சிபாரிசு செய்வது, 1965-இல் ஏற்பட்டு 1985-இல் இன்றைய பெயரைப் பெற்ற விவசாயச் செலவு விலை ஆணையமாகும். அதற்கு வேண்டிய சாகுபடிச் செலவுக் கணக்கு 1970-71 முதல் ஒரே முறையில் சேகரிக்கப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டில் இவ்வேலையைச் செய்வது கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமாகும்.

இங்கு ஒரு கணக்கு முறை எத்துணைப் பெரிய வேறுபாட்டை விளைவிக்கிறது என்பதைக் குடியானவர் உணர வேண்டும். கைப்பட வெளியிற் கொடுத்த செலவு ஒரு வகை. அதனுடன் வீட்டார் உழைப்புக்கு ஒரு கூலி மதிப்பிட்டுச் சேர்ப்பது இரண்டாம் வகை. சொந்த நிலத்திற்குரிய குத்தகை மதிப்பையும் சொந்த மூலதனத்திற்குரிய வட்டியையும் மேலும் கூட்டுவது மூன்றாம் வகை. 2018-இல் மத்திய சர்க்கார் செலவின் ஒன்றரை மடங்கை ஆதரவு விலையாக அறிவித்தபோது கொண்டது இரண்டாம் வகையேயாகும். விவசாயிகள் சங்கங்கள் கோரி வருவது மூன்றாம் வகையாகும். இவ்வாதத்தில் குடியானவர் பக்கம் நின்று கணக்குடன் பேச வல்லவர் மிகத் தேவை. அத்தகையோரை உண்டாக்குவதும் இக்கல்வியே.

பாங்கிகளும் கூட்டுறவும்

பொதுத்துறைப் பாங்கிகளின் அதிகாரிப் பரீட்சைக்கு எப்பட்டமும் போதும். வயது 20 முதல் 30 வரை. ஆனால் அதே பாங்கிகளின் விவசாயக் கள அதிகாரி உத்தியோகத்திற்கு விவசாயம் அல்லது அதனைச் சார்ந்த தொழிற்பட்டமே வேண்டும். பொருளாதாரப் பட்டம் செல்லாது. இவ்வேற்றுமையை அறியாமல் பின்னர் வருந்துவோர் உளர். 1982-இல் நிறுவப்பெற்ற தேசிய விவசாய கிராம அபிவிருத்தி பாங்கி ஆண்டுதோறும் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் கடன் திட்டம் தயாரிக்கிறது. ஜில்லாவின் பயிர், பாசனம், கால்நடை நிலை அறிந்து கணக்கிடக் கூடியவருக்கு அது ஏற்ற இடமாகும்.

1904-இல் செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது முதல் கூட்டுறவு இயக்கம் நம் நாட்டில் வேரூன்றி வந்துள்ளது. கூட்டுறவு பாங்கிகளிலும் சங்கங்களிலும் உதவியாளராகச் சேர விரும்புவோர், பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சியும் முடித்திருத்தல் வேண்டும். 2020-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தினால் பல்கியுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் கணக்கறிந்த நிர்வாகிகளுக்கு இடமுண்டு. ஊதியம் பட்டணத்து அளவுக்கு இராது. ஆனால் வியாபாரத்தை அடியிலிருந்து கற்க இதனினும் நல்ல பள்ளி இல்லை.

போதனையும் பிறவும்

மேல்நிலைப் பள்ளியில் பொருளாதார ஆசிரியராவதற்கு எம்.ஏ.யுடன் பி.எட். பட்டமும் வேண்டும். கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் முதுகலைக்குப் பின் தேசிய அல்லது மாகாணத் தகுதித் தேர்வில் வெற்றி பெறுதல் வேண்டும். ஆராய்ச்சியில் ஈடுபட விரும்புவோருக்குச் சென்னையில் 1971-இல் மால்கம் ஆதிசேஷய்யா நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும், 1993-இல் ஏற்பட்ட சென்னைப் பொருளாதாரப் பள்ளியும் உள்ளன. கம்பெனிகளில் சந்தை நிலவரம் ஆராய்தல், இன்ஷூரன்ஸ் கணிப்பு, பத்திரிகைத் தொழில் ஆகியவையும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சியோ பரீட்சையோ இருத்தலால், பி.ஏ. முடிவதற்கு முன்பே எவ்வழி என்று தீர்மானித்தல் நன்று.

பெற்றோருக்குச் சில யோசனைகள்

சர்க்கார் கலைக் கல்லூரிகளில் கட்டணம் சொற்பம். பெருங்கட்டணம் வாங்கும் கல்லூரியில் இடம் பெறுவதற்காக நிலத்தை அடகு வைக்குமுன், அங்கே புள்ளியியல் செவ்வனே கற்பிக்கப்படுகிறதா, முன்னர்ப் படித்தவர் எங்கே அமர்ந்தனர் என்பவற்றை நேரில் விசாரித்து அறிய வேண்டும். மேற்கூறிய உத்தியோகங்களிற் சிறந்தவை பல எம்.ஏ. வேண்டுபவை, போட்டியும் கடுமையானது. ஆதலின் மொத்தம் ஐந்தாண்டுப் படிப்புக்கும் அதன்மேல் ஓரிரு ஆண்டுக் காத்திருப்புக்கும் செலவை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். முதலாண்டிலேயே கையிருப்பைக் கரைத்துவிட்டு, இறுதியில் எம்.ஏ.க்கு வழியின்றி நிற்பதைவிட, குறைந்த செலவில் பி.ஏ.யை முடித்து, மீந்த பொருளை மேற்படிப்புக்கு வைத்திருத்தலே விவேகம். தகுதி, வயது பற்றிய விதிகள் அவ்வப்போது மாறுதலின், ஒவ்வொரு அறிவிப்பையும் கிராம நிர்வாக அலுவலர் முதலியோர் படித்துக் காட்டி விளக்குதல் பெரிய உதவியாகும்.

விடுமுறையில் வீடு வரும் பிள்ளையிடம், சொந்த நிலத்தின் ஓராண்டுச் சாகுபடிக் கணக்கை மேற்கூறிய மூன்று வகையிலும் எழுதச் சொல்லுதல் தக்க பயிற்சியாகும். குடும்பத்திற்கு உண்மை லாபம் எவ்வளவு என்பது அதனால் தெளிவாகும். பிள்ளைக்கு இக்கல்வியில் நாட்டமும் திறமையும் உண்டா என்பதும் புலனாகும். அக்கணக்கை ஆவலுடன் எழுதி முடிக்கும் பிள்ளையை மேலே படிக்க வைக்கத் தயங்க வேண்டுவதில்லை.