கிழக்கே ஆக்சிஜன், தலைநகரில் தவிப்பு

புது தில்லி: கரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல், மே மாதங்களில் தலைநகரின் மருத்துவமனைகள் ஆக்சிஜனுக்குத் திண்டாடியதை நாடு மறந்திருக்காது. உற்பத்தி இல்லாததால் மட்டும் வந்த நெருக்கடி அல்ல அது. உருக்காலைகள் உள்ள ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்தில் திரவ ஆக்சிஜன் கிடைத்தது. அதை ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள தில்லிக்குக் கொண்டுவர டேங்கர்கள்தான் போதவில்லை.

மைனஸ் 183 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும் திரவம் இது. இதற்கென்றே தயாரான டேங்கர்களில்தான் ஏற்ற முடியும். நிரப்பிய டேங்கரை விமானத்தில் அனுப்புவது ஆபத்து. எனவே காலி டேங்கர்களை விமானப் படை கிழக்கே கொண்டுபோய் இறக்கியது. நிரம்பியவை சாலையிலும் ரயிலிலும் திரும்பின. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்கள்கூட ஆக்சிஜனுக்கு மாற்றப்பட்டன. சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து சுமார் 70 டன்னுடன் முதல் "ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ்" தில்லி வந்து சேர்ந்தது ஏப்ரல் 27-ம் தேதிதான்.

இதற்கிடையே, டேங்கருக்கு யார் பொறுப்பு என்பதில் மத்திய அரசும் தில்லி அரசும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. ஒதுக்கீடு செய்தாயிற்று, வாகனத்தை மாநிலமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் வாதம். தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலம் அல்லாத தில்லி, டேங்கருக்கு எங்கே போகும்? மே 1-ம் தேதி பத்ரா மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்து, அங்கு பணியாற்றிய மருத்துவர் ஒருவர் உள்பட 12 பேர் உயிரிழந்தனர். ஒதுக்கிய 490 டன் அன்றே தில்லியை அடைய வேண்டும் என உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதே நாளில்தான். பின்னர் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, நாள்தோறும் 700 டன் வழங்கச் சொன்னது.

முன்னெச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஆக்சிஜன் இருப்பை உறுதிசெய்ய வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2020 நவம்பரிலேயே வலியுறுத்தியிருந்தது. மருத்துவமனை வளாகத்திலேயே காற்றில் இருந்து ஆக்சிஜன் பிரிக்கும் ஆலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதோ ஊரடங்கு தொடங்கி ஏறக்குறைய ஏழு மாதங்கள் கழித்து, அக்டோபரில். அனுமதிக்கப்பட்ட 162 ஆலைகளில் 2021 ஏப்ரல் மத்தியில் நிறுவப்பட்டிருந்தவை 33 மட்டுமே. மொத்தச் செலவு ரூ. 201.58 கோடி, ஓர் அரசுக்கு இது பெரிய தொகையா?

ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணங்களை ஆராயத் தில்லி அரசு அமைத்த குழுவுக்கு, 2021 ஜூனில் துணைநிலை ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அடுத்த மாதம் 20-ம் தேதி மாநிலங்களவையில் மத்திய அரசு பதிலளித்தது: ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் நேர்ந்ததாக மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை.