பதிவிறக்கப் பொத்தானுக்குப் பின்னால்

கட்டற்ற மென்பொருள் உலகில் டெபியனுக்குத் தனி மதிப்பு உண்டு. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய இந்த இயங்குதளத்தின் மேல்தான் உபுண்டு எழுந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் இதுவே அடித்தளம். எந்த நிறுவனமும் இதற்கு முதலாளி இல்லை. உலகெங்கும் இருக்கும் ஆயிரம் பேர் அளவிலான டெவலப்பர்கள் தங்களுக்குள் வாக்கெடுத்து இதை நடத்துகிறார்கள். இவ்வளவு பெரிய திட்டத்தின் இணையதளம் 2011 பிப்ரவரியில் புதிய தோற்றம் பெற்றபோது, பழைய தோற்றத்துக்கு வயது ஏறத்தாழ 13. அதன் பிறகு முகப்புப் பக்கம் மறுபடி மாற 2020 டிசம்பர் ஆயிற்று. நிரல் எழுதுகிறவர்களுக்கு அழகுணர்ச்சி குறைவு என்று சொல்லி இந்தத் தாமதத்தை விளக்கிவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பது என் வாதம். திறந்த மூலத் திட்டம் ஒன்றின் இணையதளம் குழம்பிக் கிடந்தால், அந்தத் திட்டம் தன் பயனர் யார் என்ற கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அந்த விடை வராதவரை நிறத்தையும் எழுத்துருவையும் எத்தனை முறை மாற்றினாலும் தளம் தெளிவடையாது.

இதற்குச் சான்று டெபியனிலேயே இருக்கிறது. மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை சில்லு பெரும்பாலும் தானாக வேலை செய்யாது. ஃபர்ம்வேர் எனப்படும் சிறு நிரலை இயங்குதளம் அதில் ஏற்ற வேண்டும். சில்லுத் தயாரிப்பாளர்கள் அதன் மூல நிரலைத் தருவதில்லை. இயங்கும் வடிவிலான கோப்பை மட்டுமே தருகிறார்கள். டெபியனோ 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தத்தில், தன் இயங்குதளம் முழுக்கக் கட்டற்றதாகவே இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தது. ஆகவே 2023 வரை அதிகாரபூர்வ நிறுவியில் அந்தக் கோப்புகளுக்கு இடம் இருக்கவில்லை. நெட்வொர்க் கேபிள் செருகத் துளைகூட இல்லாத மெல்லிய மடிக்கணினியில் அந்நாட்களில் ஒருவர் டெபியனை நிறுவத் தொடங்குகிறார் என்று வையுங்கள். சிறிது நேரத்தில், வன்பொருளுக்கு வேண்டிய ஒரு கோப்பு இல்லை, அதை யூஎஸ்பி டிரைவிலோ ஃபிளாப்பியிலோ கொண்டு வாருங்கள் என்று திரையில் அறிவிப்பு வரும். கோப்பை எடுக்க இணையம் வேண்டும்; இணையத்துக்கு வைஃபை வேண்டும்; வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும். அந்தக் கோப்புகளையும் சேர்த்த இன்னொரு நிறுவியை டெபியன்காரர்களே தயாரித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வருத்தம். அதற்கு ‘அதிகாரபூர்வமற்றது’ என்று முத்திரை குத்தி, சர்வரில் கோப்புறைக்குள் கோப்புறையாக வைத்திருந்தார்கள். தெரிந்தவர் போய் எடுத்துக்கொள்வார். புதியவர் தன் கணினிக்கு லினக்ஸ் ஒத்துவராது என்று முடிவு கட்டி விலகுவார். பார்வையற்றவர்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. திரையில் வருவதைப் பேச்சாகச் சொல்லும் வசதி டெபியன் நிறுவியில் உண்டு. ஆனால் புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலிச் சில்லுக்கே ஃபர்ம்வேர் வேண்டும். அது இல்லாதபோது, என்ன குறை என்பதைச் சொல்லவும் நிறுவிக்குக் குரல் இருக்காது.

இதை எந்த வடிவமைப்பாளரும் பக்கத்தை அழகாக்கித் தீர்த்திருக்க முடியாது. 2020இல் வந்த புதிய முகப்பில், கட்டமைப்புகளின் நீண்ட பட்டியலுக்குள் அலையவிடாமல் ஒரே சொடுக்கில் நிறுவியைத் தரும் பெரிய பொத்தான் இடம்பெற்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் பொத்தான் கொடுத்த நிறுவி பலருடைய வைஃபையைக் கண்டுகொள்ளாததாகவே இருந்தது. சிக்கல் 2022இல் பொதுத் தீர்மானமாக வாக்கெடுப்புக்கு வந்தது. முடிவு அக்டோபர் தொடக்கத்தில் வெளியானது: சமூக ஒப்பந்தத்தைத் திருத்தி, ஃபர்ம்வேரையும் சேர்த்து ஒரே நிறுவியாக வெளியிடுவது; எது சேர்க்கப்பட்டது என்பதைப் பயனருக்குச் சொல்வது; வேண்டாதவர் அதை முடக்க வழி வைப்பது. எதிர்த்தவர்களின் கவலை அற்பமானதல்ல. மூல நிரல் தெரியாத கோப்பை நம்ப வேண்டியிருப்பது உண்மையான இழப்பு. ஆயினும் கணினியே இயங்காத நிலையில் ஒருவருக்கு எந்தச் சுதந்திரமும் கிடைப்பதில்லை என்பதால், பெரும்பான்மை எடுத்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன். 2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 அப்படியே வெளியானது. முகப்புப் பொத்தான் அன்றுதான் தன் வேலையை முழுமையாகச் செய்யத் தொடங்கியது.

உள்ளே இருப்பவர்களுக்கு இத்தகைய தடைகள் ஏன் அவசரமாகப் படுவதில்லை? 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஒரு சாரார் எல்லோருக்கும் பழக்கமான பாடல்களின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். கேட்பவர்கள் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவரின் மனதுக்குள் பாட்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவர் காதில் விழுவது வெறும் டொக் டொக். டெபியனின் நிறுவிக் கோப்புப் பெயரில் இருக்கும் ‘ஏஎம்டி64’ என்ற குறியை எடுத்துக்கொள்ளுங்கள். 64 பிட் இன்டெல் கணினிக்கும் அதுவேதான் என்பது டெவலப்பருக்கு மூச்சு விடுவதுபோல் தெரியும். இன்டெல் கணினி வைத்திருக்கும் புதியவர் அதைப் பார்த்து, இது வேறு நிறுவனச் சில்லுக்கானது என்று நினைத்துக் கைவிடுவதில் அவர் தவறு ஏதும் இல்லை. இத்தகைய தடைகளைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவும் வேண்டியதில்லை. 1993இல் பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் தங்கள் தரவுகளிலிருந்து ஒரு கணக்குத் தந்தார்கள்: சராசரியாக ஒரு பயனர் 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டு வருகிறார், அப்படியானால் ஐந்து பேர் சேர்ந்தால் ஏறத்தாழ 84 சதவீதம் வெளிவந்துவிடும். சிக்கலான தளங்களுக்கு ஐந்து பேர் போதாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். அதையும் ஏற்கலாம். எட்டுப் பேரோ பத்துப் பேரோ, திட்டத்தோடு தொடர்பே இல்லாதவர்களை உட்கார வைத்து, வாய் திறக்காமல் அருகில் இருந்து பார்ப்பதற்குப் பணம் தேவைப்படாது. பொறுமைதான் தேவை.

தளம் ஒழுங்காக இருப்பதா முக்கியம், நிரல் நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிரலையும் தளத்தையும் இரண்டாகப் பிரிக்க முடியும் என்று இந்தக் கேள்வி எண்ணிக்கொள்கிறது. பைத்தான் மொழிக்கான தொகுப்புகள் எல்லாம் சேர்ந்திருக்கும் பைபிஐ தளத்தைப் பாருங்கள். இன்றைய பைத்தான் வலைச் சட்டகங்கள் பிறப்பதற்கு முன்பு, 2000களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நிரலின் மேல் அது ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பது கடினம். சேர்க்க முன்வருபவர்களும் குறைவு. மாற்றாக ‘வேர்ஹவுஸ்’ என்ற பெயரில் எழுதத் தொடங்கிய தளம் ஆள் பலம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2017 நவம்பரில் மொசில்லா 1,70,000 டாலர் நிதி கொடுத்த பிறகே திட்ட மேலாளர், வடிவமைப்பாளர் உட்பட ஒரு குழு சம்பளத்தோடு உட்கார்ந்து வேலை செய்தது. 2018 ஏப்ரல் 16 அன்று புதிய தளம் வந்தது. அதே மாதம் 30ஆம் தேதி பழையதை மூடினார்கள். அடுத்த ஆண்டு ஓபன் டெக்னாலஜி ஃபண்ட் தந்த 80,000 டாலரில் இரட்டை அடையாளச் சரிபார்ப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, பிற மொழிகளில் தளம் ஆகியவை வந்தன. ஒருவருடைய கணக்கைத் திருடி அவருடைய தொகுப்பில் நச்சு நிரலை நுழைப்பது உலகெங்கும் உள்ள பைத்தான் பயனர்களைத் தாக்கக்கூடியது. அதைத் தடுக்கும் பூட்டைப் பழைய தளத்தில் மாட்டுவது பெரும்பாடாக இருந்திருக்கும். 2024 தொடக்கத்திலிருந்து அந்தப் பூட்டு பைபிஐயில் எல்லோருக்கும் கட்டாயம். தளத்தைப் புதுப்பித்ததே இங்கே பாதுகாப்புப் பணியின் முதல் படி.

இன்னொரு ஆட்சேபத்துக்கு நியாயம் அதிகம். புதியவர்களை வரவேற்கிறோம் என்று சொல்லி, ஆண்டுக்கணக்கில் தளத்தைப் பயன்படுத்துபவர்களைத் திட்டங்கள் புறக்கணித்துவிடுகின்றன என்பது அது. 2018இல் ரஸ்ட் என்ற நிரல்மொழியின் தளம் மாறியபோது இதுதான் நடந்தது. பழைய முகப்பில் ஒரு சிறு நிரல் இருந்தது. பொத்தானை அழுத்தினால் அங்கேயே ஓடும். மொழியின் தொழில்நுட்பச் சிறப்பை ஒரே வரியில் சொல்லும் வாசகமும் இருந்தது. புதிய முகப்பில் நிரல் இல்லை; வாசகம் எல்லோருக்குமானதாக மாறியது. பல மொழிகளில் இருந்த தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. நவம்பர் 29இல் முன்னோட்டம் காட்டி, டிசம்பர் 6இல் வெளியிட்டார்கள். யாருக்காகத் தளம் என்ற கேள்விக்கு ரஸ்ட் குழு விடை கண்டிருந்தது. அதற்கு என் பாராட்டு உண்டு. அந்த விடையைச் சோதித்துப் பார்க்க ஒரு வாரம் போதாது. மொழியைத் தேர்ந்தெடுக்க வருபவர் அதன் நிரல் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புவார் என்பதும், மொழிபெயர்த்தவர்களின் உழைப்பை ஒரே நாளில் கீழிறக்கக் கூடாது என்பதும் சில வாரங்கள் காத்திருந்தால் தெரிந்திருக்கும். பழைய முகவரிகளுக்கும் இதே கவனம் வேண்டும். முகவரிகளை மாற்றாதீர்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதிவிட்டார். புத்தகங்களிலும் பாடக்குறிப்புகளிலும் அச்சாகிவிட்ட இணைப்புகளை முறிப்பவர்கள் பழைய பயனர்களின் கோபத்துக்குத் தகுதியானவர்களே.

ஆவணங்களின் நிலை இதைவிடக் கவலை தருகிறது. 2017இல் கிட்ஹப் நடத்திய திறந்த மூலக் கணக்கெடுப்பில், அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணங்கள் ஒரு சிக்கல் என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் ஆவணப் பணியில் அரிதாகவோ ஒருபோதுமோ ஈடுபட்டதில்லை. ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு ஆங்கிலத்தில் படிப்பதும் எழுதுவதும் அவ்வளவு சரளம் இல்லை. எல்லோரும் உணரும் குறையைச் சரிசெய்ய ஆள் இல்லை. இருப்பவர்களோ அந்தக் குறையைக் கண்ணால் காண முடியாத அளவுக்குப் பழகிவிட்டவர்கள்.

எனவே நிரல் எழுதத் தெரியாத வாசகர்களிடம்தான் என் கோரிக்கை. லிப்ரேஆபிஸோ, இங்க்ஸ்கேப்போ, டெபியனோ, ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருளை முதன்முறையாக நிறுவும்போது எங்கே தடுமாறினீர்கள், எந்தச் சொல் புரியவில்லை, எந்தப் பொத்தானைத் தேடினீர்கள் என்பதை அன்றே குறித்து வையுங்கள். பழகிவிட்டால் உங்களுக்கே மறந்துபோகும். குறித்ததை அந்தத் திட்டத்தின் வழு அறிக்கைப் பகுதிக்கு அனுப்புங்கள். ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. தளத்தைத் திருத்தி அமைக்க உட்காருபவர்களுக்கு அவர்களால் தாங்களே தயாரிக்க முடியாத சான்று அது ஒன்றுதான்.