650 சிசி: புதிய ஓட்டுநருக்குப் பொருந்துமா?

மோட்டார் சைக்கிளின் வலிமையை எஞ்சினின் சிசி எண்ணைக் கொண்டு மதிப்பிடும் பழக்கம் வேரூன்றியிருந்தாலும், சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் நகர்கையில் கடக்கும் மொத்தக் கன அளவைத்தான் அந்த எண் குறிக்கிறது. அங்கே பிறக்கும் திறன் எந்த வேகத்தில், எவ்வளவு திடீரென்று ஓட்டுநரின் கைக்கு வந்து சேரும் என்பதை அது சொல்வதில்லை. ஜப்பானின் கவாசாகி நிறுவனம் தயாரிக்கும் இரண்டு ஸ்போர்ட்ஸ் பைக்குகளே இதற்குப் போதுமான சான்று. நிஞ்சா 650 வண்டியின் கொள்ளளவு 649 சிசி, நிஞ்சா இசட்எக்ஸ்-6ஆர் வண்டியின் கொள்ளளவு 636 சிசி. ஆனால் முன்னதன் உச்சத்திறன் 68 குதிரைத்திறனாக இருக்க, பின்னதன் 2019ஆம் ஆண்டு வடிவம் ஏறக்குறைய 130 குதிரைத்திறனை எட்டியது.

இந்த இரு மடங்கு வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிய முறுக்குவிசையைக் கவனிக்க வேண்டும். பிஸ்டன்களின் நேர்கோட்டு அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு எவ்வளவு அழுத்தமாகத் திருப்பப்படுகிறது என்பதே முறுக்குவிசை. அதைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன். நிஞ்சா 650 நிமிடத்துக்கு 6,700 சுழற்சிகளில் 64 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தருகிறது. மற்றது தருவதோ ஏறத்தாழ 70 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 11,000 சுழற்சிகளை எட்டிய பிறகு. ஆகவே முறுக்குவிசையில் பெரிய வேறுபாடு இல்லை, அது வந்து சேரும் இடத்தில்தான் வேறுபாடு. நான்கு சிறிய பிஸ்டன்கள் வெறும் 45.1 மில்லிமீட்டர் தொலைவே நகர்வதால் இசட்எக்ஸ்-6ஆர் எஞ்சினால் 13,500 சுழற்சிகள்வரை போய் உச்சத்திறனைத் தர முடிகிறது. 60 மில்லிமீட்டர் நகரும் இரண்டு பெரிய பிஸ்டன்களைக் கொண்ட நிஞ்சா 650 எஞ்சினோ 8,000 சுழற்சிகளிலேயே தன் உச்சத்தை அடைந்துவிடுகிறது.

நகரச் சாலையிலும் மலைப்பாதை வளைவுகளிலும் எஞ்சின் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 சுழற்சிகளுக்குள்தான் ஓடுகிறது என்பதால், அந்த எல்லைக்குள் திறன் சீராக ஏறும் வண்டியே பழகுபவருக்கு ஏற்றது. ஆக்சிலரேட்டரைத் தவறுதலாகச் சற்று அதிகம் திருகிவிட்டாலும் அதன் விளைவு முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாக இருக்கும். பந்தயத்துக்காக வடிவமைக்கப்பட்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் கீழ்ச்சுழற்சியில் சாதுவாகத் தோன்றி, மேலே போனதும் திடீரென்று பாய்வதால், வளைவின் நடுவில் அந்தப் பாய்ச்சல் நேர்ந்தால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கக்கூடும். புதியவரை ஏமாற்றுவது இந்தச் சாதுத்தனம்தான்.

கியரைக் குறைக்கையில் நேரும் பிழைக்கும் நிஞ்சா 650 வண்டியில் ஒரு காப்பு உண்டு. வேகத்துக்குப் பொருந்தாத கீழ் கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டால், பின்சக்கரமே எஞ்சினைச் சுழற்ற வேண்டியதாகி, அந்தத் தடையால் சக்கரம் துள்ளத் தொடங்கும். ஸ்லிப்பர் கிளட்ச் எனப்படும் அமைப்பில் உள்ள சாய்வான விளிம்புகள் அத்தருணத்தில் கிளட்ச் தட்டுகளின் மீதான அழுத்தத்தைத் தாமே தளர்த்திவிடுகின்றன. முன்னோக்கி விசை செல்லும்போது இதே சாய்வுகள் தட்டுகளை இறுக்குவதால், வலுக்குறைந்த ஸ்பிரிங்குகளே போதுமானதாகி, கிளட்ச் பிடியும் இலகுவாகிறது. நெரிசலில் ஊர்ந்து செல்பவரின் மணிக்கட்டு இதன் அருமையை அறியும்.

எரிபொருளும் எண்ணெயும் நிரப்பிய நிலையில் வண்டி ஏறத்தாழ 196 கிலோ எடை கொண்டது. இருக்கையின் உயரம் 790 மில்லிமீட்டர் என்பதால் நடுத்தர உயரமுள்ளவரின் கால்கள் தரையில் நன்றாக ஊன்றும். ஏபிஎஸ் எனும் பூட்டுத்தடுப்பு பிரேக் அமைப்பு சக்கரம் உறைந்துபோகாமல் காத்தாலும், வண்டியின் சாய்வை அது உணர்வதில்லை. டயரின் பிடிப்பு வரையறைக்குட்பட்டது. வளைவில் அதன் பெரும்பங்கைத் திரும்புதலே எடுத்துக்கொள்வதால், பிரேக்குக்கு எஞ்சுவது குறைவு, அந்தக் கணக்கு முழுவதும் ஓட்டுநரின் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கிறது. இதே வகை வண்டிகளை ஒப்பிடுகையில் இதைத்தான் உண்மையான குறையாகக் கொள்ள வேண்டும். முன்புற அதிர்வுத்தாங்கியைச் சரிசெய்துகொள்ளும் வசதி இல்லாததைப் பழகுபவர் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 18 வயதில் கிடைக்கும் ஏ2 உரிமம் 35 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 47 குதிரைத்திறன், வரையிலான வண்டிகளுக்கே செல்லும். அந்த வரம்பைப் போல் இரு மடங்குக்கு மிகாத எஞ்சினைத் திறன் குறைத்து ஓட்டவும் விதி இடமளிப்பதால் நிஞ்சா 650 அங்கே கற்பவருக்கும் எட்டுகிறது, இசட்எக்ஸ்-6ஆர் எட்டுவதில்லை. இந்தியாவில் இத்தகைய படிநிலை கிடையாது. கியர் வண்டிக்கான உரிமத்தை 18 வயதில் பெறும் ஒருவர் மறுநாளே எந்தத் திறனுள்ள வண்டியிலும் சட்டப்படி ஏறலாம்.

அமெரிக்காவில் 8,000 டாலர் அளவில் விற்கும் நிஞ்சா 650 அங்கே மலிவானதாகக் கருதப்பட்டாலும், இந்தியாவில் 7 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள வண்டிக்கு அந்தச் சொல் பொருந்தாது. 150 முதல் 250 சிசி வரையிலான வண்டியில் ஓரிரு ஆண்டுகள் ஓட்டிப் பழகியவருக்கு இது தகுந்த அடுத்த படி. இருசக்கர வாகனத்தையே முதன்முதலாகத் தொடுபவருக்கு 68 குதிரைத்திறன் அதிகம்.