ஊர் தலைக்கு மேலே ஒரு பனிமலை

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில் பல்காராஹு என்றொரு சிகரம் இருக்கிறது. உயரம் 6,274 மீட்டர். அடிக் கணக்கில் 20,500க்கு மேல். அங்குள்ள கெச்சுவா மொழியில் ‘பல்கா’ என்றால் கவை போலக் கிளை பிரிந்தது. ‘ராஹு’ என்றால் பனிமலை. நம் நவக்கிரக ராகுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கீழே உள்ள ஹுவராஸ் நகரத்தை இந்த ராஹுவும் பிடித்து ஆட்டியது உண்டு.

மலையின் காலடியில், ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், பல்காகோச்சா என்ற ஏரி. பனி உருகி வரும் நீர்தான் வரத்து. கரை மனிதன் கட்டியதல்ல. பனிப்பாறை நெடுங்காலமாகத் தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும்தான்.

1941 டிசம்பர் 13 காலை அந்தக் கரை உடைந்தது. வழியிலிருந்த இன்னொரு ஏரியையும் உடைத்துக்கொண்டு, சேறும் பாறையுமாக வெள்ளம் ஹுவராஸில் புகுந்தது. ஊரில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மாண்டவர்கள் 1,800 பேருக்குக் குறையாது. 5,000 என்பாரும் உண்டு.

ஏரியில் மிஞ்சியது சுமார் 5 லட்சம் கன மீட்டர் நீர். 1970களில் அரசாங்கம் கரையைப் பலப்படுத்தியது. பயம் தெளிந்தது. வெள்ளம் போன தடத்திலேயே மறுபடி வீடுகள் எழும்பின. ஊருக்குள் இடம் கிடைக்காத ஏழை ஆற்றோரம்தான் போவான். இது பெருவில் மட்டும் உள்ள வழக்கமல்ல.

உலகம் சூடேற, பனிப்பாறை பின்வாங்கியது. அது விட்ட இடத்தில் தண்ணீர் நின்றது. 2009இல் அளந்தபோது 1 கோடியே 70 லட்சம் கன மீட்டர்! மேலிருந்து பனிப்பாளம் சரிந்து விழுந்தால் அலை கரை தாண்டும் என்று நிபுணர்கள் எச்சரித்தார்கள். 2011 முதல் குழாய் போட்டு நீரை வெளியேற்றினார்கள். ஏரிக்கரையில் குடிசை போட்டுக் காவலர்கள் முறை வைத்து நீர்மட்டம் பார்த்து, வயர்லெஸ்ஸில் ஊருக்குச் சொல்வார்கள். லெவல் கிராசிங் கேட்மேன் வேலை போலத்தான். ஒன்றும் நடக்காதவரை யாருக்கும் அவன் நினைவு வராது.

ஜெர்மனியில் வழக்கு

ஹுவராஸில் விவசாயமும், மலையேறுவோருக்கு வழிகாட்டும் தொழிலும் செய்பவர் சவுல் லூசியானோ லியுயா. 2015இல் அவர் ஜெர்மனியின் எஸ்ஸன் நகர நீதிமன்றத்தில், ஆர்.டபிள்யூ.ஈ. என்ற மின்சாரக் கம்பெனி மீது வழக்குப் போட்டார். தொழிற்புரட்சி நாள் முதல் உலகம் விட்ட கரிப்புகையில் இக்கம்பெனியின் பங்கு அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஊரைக் காக்கும் செலவிலும் அதே பங்கைக் கொடுக்கட்டும் என்றார். தொகை சுமார் 17,000 யூரோ. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது சில்லறைக் காசு. ஆனாலும் பத்தாண்டு நடத்தியது.

எஸ்ஸனில் 2016இல் தள்ளுபடி. ஹாம் நகர மேல் நீதிமன்றம் 2017இல் விசாரணைக்கு ஏற்றது. 2022 மே மாதம் நீதிபதிகளே பெருவுக்கு வந்து நேரில் பார்வையிட்டனர்.

2025 மே 28இல் தீர்ப்பு வந்தது. அடுத்த 30 ஆண்டுகளில் அவர் வீட்டை வெள்ளம் தொடும் வாய்ப்பு சுமார் 1 சதவீதமே. ஆகவே தள்ளுபடி, மேல்முறையீடும் கிடையாது. ஆனால் பெரும் புகை விடும் கம்பெனிகள் தூரதேசத்துச் சேதத்துக்கும் சட்டப்படி பொறுப்பாகலாம் என்று அதே தீர்ப்பில் எழுதி வைத்தார்கள். ஆலை எங்கோ, வீடு எங்கோ என்ற பேச்சு எடுபடவில்லை.

லியுயாவுக்கு ஒரு யூரோவும் வரவில்லை. அந்த 1 சதவீதக் கணக்கு அவர் வீட்டுக்கு மட்டும் போட்டது. ஆற்றை இன்னும் நெருங்கியிருக்கும் வீடுகள் வழக்கில் இல்லை.