சுவிட்சைத் தட்டிய பின் நடக்கும் பேச்சுவார்த்தை

2017 அக்டோபரில் இன்டெல் தன் எட்டாம் தலைமுறை பிராசஸர்களை டெஸ்க்டாப் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் குழம்பிப்போனார்கள். புதிய சிப்பின் அடியில் 1151 தொடுபுள்ளிகள். அதற்கு முந்தைய இரண்டு தலைமுறைகளுக்கான மதர்போர்டு சாக்கெட்டிலும் 1151 பின்கள். பழைய போர்டில் புதிய சிப்பை வைத்தால் அழகாக உட்கார்ந்தது, மேல்மூடியும் பூட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் மட்டும் எழவில்லை. சிப்பில் கோர்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து ஆறாகியிருந்தது. கூடுதல் மின்சாரத்துக்காக, அதுவரை சும்மா கிடந்த பின்கள் சிலவற்றுக்கு இன்டெல் புது வேலை கொடுத்திருந்தது. பழைய போர்டுகளுக்கு அது தெரியாது.

கேம் விளையாடவும் வீடியோ எடிட் செய்யவும் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க நினைப்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. சாக்கெட்டில் உட்கார்வது முதல் படி. தேவையான மின்சாரம் வந்துசேர வேண்டும். ஒன்று சொல்வது இன்னொன்றுக்குப் புரிய வேண்டும். ஒன்றின் வேகத்துக்கு மற்றது ஈடுகொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் பாகங்கள் தமக்குள் பேசி முடிவுசெய்கின்றன. சுவிட்சைத் தட்டியதிலிருந்து திரை ஒளிர்வதற்குள் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அதைப் பின்தொடர்ந்து போனால், எதை எதனோடு வாங்கவேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

ஒருவரையொருவர் அறியாத நிறுவனங்களின் பாகங்கள் ஒரே பெட்டிக்குள் ஒத்துழைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது ஓர் அவசரம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், போகா ரேட்டன் என்ற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான சிறு குழு ஏறத்தாழ ஓராண்டில் ஐ.பி.எம். பி.சி.யை உருவாக்கியது, 1981 ஆகஸ்டில் அது வெளிவந்தது. எல்லாவற்றையும் தானே தயாரித்துப் பழகிய ஐ.பி.எம்., நேரமில்லாததால் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே அதைக் கட்டியது. சுற்றுப்படங்களையும், கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸ் நிரலையும் கையேட்டில் அச்சிட்டும் கொடுத்தது. அதைப் படித்து மற்றவர்கள் முதலில் கார்டுகளையும் பிறகு கம்ப்யூட்டரையுமே செய்யத் தொடங்கினார்கள். 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, மதர்போர்டின் நீள அகலத்தை 305-க்கு 244 மில்லிமீட்டர் என்றும், திருகுத் துளைகள் எங்கே இருக்கவேண்டும் என்றும் வரையறுத்தது. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் இன்று அடுக்கியிருக்கும் பெரிய கேபினட்டுகளிலும் அதே இடங்களில்தான் துளைகள் இருக்கின்றன.

சுவிட்சைத் தட்டியதும் முதலில் வேலையில் இறங்குவது பவர் சப்ளை; கடைக்காரர் வாயில் எஸ்.எம்.பி.எஸ். அது 12, 5, 3.3 வோல்ட் என மூன்று அழுத்தங்களில் மின்சாரத்தை எழுப்புகிறது. மூன்றும் ஆடாமல் நிலைகொள்ளும்வரை, வினாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ பொறுத்திருந்து, ‘மின்சாரம் சரியாக இருக்கிறது’ என்று தனிக் கம்பி ஒன்றில் குறி அனுப்புகிறது. அந்தக் குறி வரும்வரை பிராசஸர் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாது.

பிராசஸருக்கு 12 வோல்ட் மிக அதிகம். ஒரு வோல்ட்டைச் சற்றே தாண்டினால் போதும். அதைக் குறைத்துக் கொடுப்பது, சாக்கெட்டைச் சுற்றி மதர்போர்டிலேயே அமைந்திருக்கும் வி.ஆர்.எம். என்ற சுற்று. 200 வாட் இழுக்கும் சிப்புக்கு 1.25 வோல்ட்டில் 160 ஆம்பியர் பாயவேண்டும். வீட்டில் ஒன்றரை டன் ஏசி இழுப்பது ஏழெட்டு ஆம்பியர். அதைப்போல் இருபது மடங்கு மின்னோட்டம், நான்கு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் நுழைகிறது. மலிவான போர்டின் வி.ஆர்.எம். சூடேறினால், நிலைமையைச் சமாளிக்கப் பிராசஸரின் வேகம் குறைக்கப்படும். 16 கோர் சிப்பை வாங்கி அப்படியொரு போர்டில் வைத்தவருக்கு, கேம் ஆடும்போது குறை தெரியாமல் போகலாம். ஒரு மணி நேர வீடியோவை ரெண்டர் செய்யும்போது தெரிந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டின் பசி வேறு விதம். சராசரியாக 300 வாட் இழுக்கும் கார்டு, கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைந்த பொழுதுக்கு அதைப்போல் இரு மடங்கு கேட்டுவிட்டுத் தணியும். சராசரிக் கணக்கைப் பார்த்து வாங்கிய பவர் சப்ளை அந்தத் துள்ளலைக் கோளாறு என்று எண்ணிச் சட்டென்று அணைந்துவிடக்கூடும். 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை இதற்காகவே, பெரிய பவர் சப்ளைகள் தம் அளவைப்போல் இரு மடங்கை ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்கவேண்டும் என்றது. அதனோடு வந்த புதிய இணைப்பியில் 12 பெரிய பின்களுக்குத் துணையாக நான்கு சிறு பின்கள் உண்டு. அவற்றில் இரண்டு தரையோடு இணைந்திருக்கின்றனவா இல்லையா என்று பார்த்தே, இங்கே 600, 450, 300, 150 வாட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கார்டு தெரிந்துகொள்கிறது. அதே ஆண்டில் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் இந்த இணைப்பி உருகியது. முழுக்க அழுத்திச் செருகாதது முக்கியக் காரணங்களில் ஒன்று என்று தெரிந்ததும், திருத்திய வடிவத்தில் சிறு பின்களின் நீளத்தைக் குறைத்தார்கள். அரைகுறையாகச் செருகினால் இப்போது பேச்சே தொடங்காது.

பொருத்தம் உயிரை வாங்கும் ஓர் இடமும் பவர் சப்ளையில் உண்டு. கழற்றி மாட்டும் கேபிள்கள் பாகங்களின் பக்கத்தில் ஒரே விதமாக இருக்கும். பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தத் துளையில் எந்தக் கம்பி என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம். பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டினால், துளையில் சரியாக நுழைந்தே ஹார்டு டிஸ்க்கைக் கருக்கிவிடலாம்.

மின்சாரம் சரியானதும், போர்டிலுள்ள சிறு நினைவகச் சிப்பிலிருந்து பயாஸ் நிரல் இயங்கத் தொடங்குகிறது. எந்தெந்த பிராசஸரை எழுப்பும் வழி தெரியும் என்பது இந்த நிரலைப் பொறுத்தது. போர்டு தயாரான பிறகு பிறந்த பிராசஸரை அதற்குத் தெரியாது. பிராசஸர் இல்லாமலே யு.எஸ்.பி. மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளின் பின்புறத்தில் இருப்பது இந்தச் சிக்கலுக்காகத்தான்.

அடுத்தது ராம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 தொடுபுள்ளிகள். மாற்றிச் செருகாதபடி நடுவிலுள்ள வெட்டை மட்டும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ராமிலும் அதன் கொள்ளளவையும் வேகங்களையும் எழுதிவைத்த சின்னச் சிப் ஒன்று இருக்கிறது. பயாஸ் அதைப் படித்துவிட்டுப் பயிற்சியில் இறங்குகிறது. பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும் டி.டி.ஆர்.5 ராமின் ஒவ்வொரு தடத்திலும் வினாடிக்கு 600 கோடி பிட்கள் ஓடுகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில், செப்புத் தடத்தில் குறி சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான் நகரும். பிராசஸருக்கும் ராமுக்கும் இடைவெளி அதைவிட அதிகம். முதல் பிட் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பிட் கிளம்பிவிட்டிருக்கும்! ஒவ்வொரு தடத்திலும் எந்தக் கணத்தில் குறியைப் படித்தால் பிழையின்றி வரும் என்று சோதித்துச் சோதித்துக் கண்டுபிடிப்பதே பயிற்சி. புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரின் திரை முதல்முறை சில நிமிடங்கள்கூட இருண்டு கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். பதறி அணைத்துவிடக் கூடாது.

இத்தனை நுட்பமான கணக்கில் ராம்களின் எண்ணிக்கை கூடினால் வேகம் குறையும். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 பிராசஸர்களுக்கு, இரண்டு ராம் என்றால் 5200 வரை, நான்கு என்றால் 3600 மட்டுமே என்பது நிறுவனம் தரும் உறுதி. எடிட்டிங்குக்கு 64 ஜி.பி. வேண்டும் என்றால் நான்கு 16-ஐவிட இரண்டு 32 மேல். இரண்டும் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்தவையாக இருப்பது நல்லது. பெட்டியில் போட்ட வேகம் தானாக வருவதும் இல்லை. பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் வரும்.

பிறகு கிராபிக்ஸ் கார்டும் எஸ்.எஸ்.டி.யும். இவை பேசும் மொழி 2003-இல் முதல் பதிப்பு கண்ட பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். எந்தப் பதிப்பாக இருந்தாலும் முதல் பதிப்பின் வேகத்தில், வினாடிக்கு 250 கோடித் துடிப்புகளில், பேச்சைத் தொடங்கி, இருவருக்கும் இயன்ற உச்சம் வரை ஏறிப்போவதே இதன் மரபு. அதனால்தான் இன்றைய கார்டு பத்தாண்டுப் பழைய ஸ்லாட்டிலும் பெரும்பாலும் இயங்குகிறது. ஆனால் இந்தப் பேச்சு ஓடும் தடங்களுக்கு அளவு உண்டு. ஏ.எம்.5 சாக்கெட்டுக்கான ரைசன் 7000 பிராசஸர்களில் நம் பயன்பாட்டுக்குக் கிடைப்பவை 24: கிராபிக்ஸ் கார்டுக்கு 16, மிச்சம் எட்டு எஸ்.எஸ்.டி. போன்றவற்றுக்கு. மற்ற ஸ்லாட்டுகள் எல்லாம் சிப்செட்டின் வழியாக ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி.யைச் செருகினால் சாட்டா துறைகள் இரண்டு செயலிழக்கும். கையேட்டில் அது சிறு எழுத்தில் இருக்கும்.

திரை ஒளிர்ந்துவிட்டது. இனிப் பார்க்கவேண்டியது, பாகங்கள் வேலைக்கு ஒத்துவருகின்றனவா என்பதை. வினாடிக்கு 60 சட்டகம் ஓடும் கேமில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. பிராசஸர் காட்சியைத் தயாரித்துத் தர, கார்டு வரைகிறது. மெதுவானது எதுவோ அதன் வேகமே கம்ப்யூட்டரின் வேகம். கேம் நிரல் தகவலுக்காக அடிக்கடி ராமிடம் ஓடுவதால், சிப்புக்குள்ளேயே இருக்கும் கேச் பெரிதாக இருந்தால் பலன் அதிகம். 2022-இல் ஏ.எம்.டி., சிப்பின் மேல் இன்னொரு சிப்பை அடுக்கி, 96 எம்.பி. கேச் கொண்ட 5800 எக்ஸ்3டியைக் கொண்டுவந்தது இதை எண்ணித்தான். வீடியோ ரெண்டரிங்குக்கு அந்தக் கேச் அவ்வளவு உதவாது, கோர்கள்தான் உதவும். இரண்டு தேவையும் உள்ளவர்களுக்கென்று வந்த 7950 எக்ஸ்3டியில் 16 கோர்கள் இரண்டு துண்டுகளாக இருக்கின்றன. கூடுதல் கேச் ஒரு துண்டின் மேல் மட்டும்.

எடிட்டிங்கின் சுமை வேறிடத்தில். 4கே சட்டகம் ஒன்றில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். சுருக்காத 10 பிட், 4:2:2 நிறமுறை வீடியோவாக அதை வினாடிக்கு 25 சட்டகம் ஓட்டினால் 50 கோடி பைட்டுக்கு மேல் வேண்டும், சாட்டா எஸ்.எஸ்.டி.யின் எல்லையே 60 கோடிதான். கேமராக்கள் இதை இறுக்கிச் சுருக்கித் தருவதால் டிஸ்க்கின் பாரம் குறைந்து, அவிழ்க்கும் பாரம் பிராசஸர் தலையில் விழுகிறது. அதற்கென்றே இன்டெல் 2011 முதல் தன் உள்ளமை கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற தனிச் சுற்றை வைத்திருக்கிறது. பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்துள்ள இன்டெல் சிப்புகளில் உள்ளமை கிராபிக்ஸும் இல்லை, குவிக் சிங்கும் இல்லை. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து எஃப் சிப் வாங்குவது கேமருக்கு லாபம். 4:2:2 காட்சிகளை வெட்டி ஒட்டுபவருக்கு, ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை போன்று அந்த வேலையைத் தானே செய்யும் கார்டு இல்லாவிட்டால், நஷ்டம்.

எனவே வேலையைத் தீர்மானித்துவிட்டுப் பிராசஸரைத் தேர்ந்தெடுங்கள். போர்டும் ராமும் அதைத் தொடர்ந்து வரட்டும். கிராபிக்ஸ் கார்டு முடிவானபின் பவர் சப்ளையின் அளவையும், கார்டின் நீளமும் கூலரின் உயரமும் கேபினட்டுக்குள் அடங்குமா என்பதையும் பாருங்கள். போர்டின் கையேட்டையும், அது ஏற்கும் பிராசஸர், ராம் பட்டியல்களையும் நிறுவனங்களே இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. கடைக்குப் போகும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.