குளிர் காட்டிக்கொடுக்கும் பெட்டரி

சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிட்டால் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து நல்லதண்ணியை நோக்கிக் கூட்டம் கூட்டமாகச் சனம் கிளம்பும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை இதுதான் வழக்கம். இருட்டில் ஏறத் தொடங்கி, விடியலுக்குள் 2,243 மீற்றர் உயரத்திலுள்ள உச்சியை அடைந்துவிட வேண்டும். ஏறும் வழியெல்லாம் போன்தான் டோர்ச். கிழக்கு சிவந்து, எல்லோரும் படமெடுக்கக் கையை உயர்த்தும் அந்த நேரம் பார்த்து, 30 வீதம் மிச்சம் காட்டிய போன் பொசுக்கென்று அணைந்துபோகும். பாதி மலை இறங்கி வெயில் பட்டதும் அதே போன் விழித்துக்கொண்டு, 25 வீதம் இருக்கிறது என்று காட்டும். “குளிர் பெட்டரியைத் தின்றுவிட்டது” என்பார்கள்.

குளிர் எதையும் தின்னவில்லை. சார்ஜ் உள்ளேதான் இருந்தது. கேட்ட நேரத்தில் கேட்ட வேகத்தில் வெளியே வர அதனால் முடியவில்லை. அந்த இயலாமையும் ஒரே இரவில் மலையுச்சியில் வந்ததில்லை. இரண்டு மூன்று வருடமாகச் சூட்டில் சேர்ந்துகொண்டே வந்த கேட்டைக் குளிர் காட்டிக்கொடுத்தது. மலைநாட்டில் இருப்பவர்கள் இதை விளங்கி வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கரண்ட் போன லயத்தில் போன்தான் விளக்கு. மண் சரியும் இரவில் வெளியுலகத்துக்குக் கேட்கக்கூடிய ஒரே குரலும் அதுதான்.

முதலில் நம் குளிரின் அளவைப் பார்த்துவிடுவோம். கண்டி நகரம் சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியற்காலையில்கூட நகருக்குள் வெப்பநிலை பெரும்பாலும் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்காது. ஆயிரம் மீற்றர் மேலே போனால் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ஹந்தானையிலும், நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய ரங்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இன்னும் கொஞ்சம் கூதல் அதிகம். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் சில ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல் மேல் உறைபனி படியும். ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களைப் பயன்படுத்தச் சொல்லும் வரம்பு 0 முதல் 35 பாகை வரை. கண்டியின் குளிர் முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. டொரன்டோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் நம் உறவுகளின் நிலைமை வேறு. மைனஸ் 20 பாகையில் ஒரு லித்தியம் அயன் பெட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ பாதியைத்தான் தரக்கூடும். இங்கே, நல்ல நிலையிலுள்ள பெட்டரி ஹந்தானைக் குளிரைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அணைந்துபோகிறதென்றால் பெட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

போனுக்குள் இருக்கும் அந்தத் தட்டையான பொட்டலத்தில் ஒரு பக்கம் லித்தியம் கலந்த உலோக ஒட்சைட்டு, மறுபக்கம் காரீயம் (கிராபைட்), இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயன்கள் திரவத்தைக் கடந்து காரீயத்தின் அடுக்குகளுக்கு நடுவே போய்த் தங்குகின்றன, ஆறு காபன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில். போனைப் பாவிக்கும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன. குளிர்ந்தால், போத்தலில் கிடக்கும் கித்துள் பாணி மாதிரி அந்தத் திரவம் தடிக்கிறது. அயன்களின் நடை தளர்கிறது; அடுக்குக்குள் நுழைவதும் வெளியேறுவதும் கடினமாகிறது. பெட்டரியின் உட்தடை கூடிவிட்டது என்று இதைச் சொல்வார்கள். அந்த நேரத்தில் கெமரா, முழு வெளிச்சத்தில் திரை, சிக்னல் தேடும் வானொலிப் பகுதி எல்லாம் ஒன்றாக மின்னோட்டம் கேட்டால், பெட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும், கருவியைக் காப்பாற்றுவதற்காகப் போன் தானே அணைந்துகொள்கிறது. திரையில் தெரியும் வீதம் உள்ளே எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பதற்கான மதிப்பீடு மட்டுமே. அதை எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பதை அது சொல்வதில்லை.

அப்படியென்றால் குளிரில் தடிக்காத திரவமாகப் பார்த்து ஊற்றக்கூடாதா? முயன்று பார்த்தார்கள். புரொப்பிலீன் காபனேற்று என்ற திரவம் கடுங்குளிரிலும் உறையாது. ஆனால் அது லித்தியத்தோடு சேர்ந்து அடுக்குக்குள் புகுந்து காரீயத்தை உரித்துப் போட்டுவிடுகிறது. அதன் நெருங்கிய உறவான எத்திலீன் காபனேற்று முதல் சில சார்ஜ்களிலேயே காரீயத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி அதைப் பாதுகாக்கிறது. தனியே வைத்தால் அது சாதாரண அறை வெப்பநிலையில் திண்மம். 36 பாகை அளவில்தான் உருகும். எனவே வேறு இலகுவான திரவங்களோடு கலந்து ஊற்றுகிறார்கள். குளிருக்கு உகந்தது காரீயத்துக்கு ஆகவில்லை, காரீயத்துக்கு உகந்தது குளிரில் தடுமாறுகிறது. பல பத்தாண்டுகளாக விஞ்ஞானிகள் இந்த இழுபறியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

காரீயம் கண்டிக்கு அந்நியமான பொருளில்லை. பக்கத்து மாவட்டமான கேகாலையில் போகலச் சுரங்கம்; குருநாகலில் 600 மீற்றருக்கும் கீழே இறங்கும் கஹட்டகஹச் சுரங்கம். பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும் இந்த வகைக் காரீயம் தோண்டி எடுக்கும்போதே 90 வீதத்துக்கு மேல் தூய்மையானது. உலகில் வணிக அளவில் இது கிடைப்பது இலங்கையில் மட்டும்தான். முதலாம் உலகப் போர்க் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக அள்ளிக்கொண்டு போனார்கள். நாட்டின் முதல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் குடும்பமும் காரீயத்தில் செல்வம் சேர்த்த குடும்பமே. பிறகு 1980 அளவில், பிரான்ஸின் கிரெனோபிளில் மொரோக்கோவைச் சேர்ந்த ரஷீத் யாசமி, லித்தியத்தைக் காரீயத்துக்குள் செலுத்தித் திரும்ப எடுக்கலாம் என்று காட்டினார். 2019இல் லித்தியம் அயன் பெட்டரிக்காக மூவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் யாசமி இல்லை. எனக்கு அது இன்றும் மனத்தாங்கல்தான்.

கண்டி ஹந்தானை வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. 1981இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவானது. அங்கே லக்ஷ்மன் திசாநாயக்க, அதுல விஜயசிங்க முதலிய ஆய்வாளர்கள் இலங்கைக் காரீயத்தை மேலும் தூய்மையாக்கி, அதன் மேற்பரப்பைப் பதப்படுத்தி, லித்தியம் அயன் பெட்டரிக்கு ஏற்றதாக்குவது பற்றிப் பல வருடங்களாக ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். தோண்டியதைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, பெட்டரியை முழு விலை கொடுத்து வாங்கும் நாட்டில் இந்த ஆய்வுக்கு இதைவிடப் பெரிய ஆதரவு கிடைத்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன காப்புப் படலத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் கேடு தொடங்கும் இடம் அதுதான். அளவாக இருக்கும்வரை அது காவல். ஆனால் காலம் போகப் போக அது தடிக்கிறது. தடிக்கும்போது லித்தியத்தையும் விழுங்குகிறது, உட்தடையையும் கூட்டுகிறது. சூடு இந்த வேலையை விரைவாக்குகிறது. பத்துப் பாகை கூடினால் இரசாயனத் தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பாடசாலையிலேயே படிக்கும் பொது விதி. முழுச் சார்ஜும் சூடும் ஒன்றுசேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். தகரக் கூரைக்குக் கீழே உச்சி வெயிலில், முச்சக்கர வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால், தலையணைக்கு அடியில் இரவு முழுவதும் சார்ஜில், சார்ஜ் ஏறும்போதே மடியில் வைத்துப் படம் பார்த்தபடி என்று கண்டியில் ஒரு போன் சூடாவதற்கு இடம் நிறைய உண்டு. பகலெல்லாம் சூட்டில் வைத்துக் கெடுத்துவிட்டு, பழியை மார்கழிக் கூதலின் மேல் போடுகிறோம்.

இதை உலகமே பேசிய காலம் ஒன்று உண்டு. 2016 கடைசியில் ஐபோன் 6, 6எஸ் வகைகள் திடீர் திடீரென்று அணைவதாக முறைப்பாடுகள் குவிந்தன. 2017 ஜனவரியில் வந்த மென்பொருள், பெட்டரி தளர்ந்த போன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்தது. அந்த டிசம்பரில் விடயம் வெளிப்பட்டதும் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, 79 டொலர் பெட்டரி மாற்றத்தை 29 டொலருக்குச் செய்து கொடுத்தது. 2020இல் 50 கோடி டொலர் வரை கொடுக்க இணங்கி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. குளிர், குறைந்த சார்ஜ், முதுமை ஆகிய நிலைகளில் பெட்டரியால் உச்ச மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமல் போகிறது என்று அந்த நிறுவனமே விளக்கம் கொடுத்திருந்தது. மலையுச்சியில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

நான்காவதாக ஒன்றும் உண்டு, மலைநாட்டில் அதுதான் பெரிய தின்னி: சிக்னல். கோபுரம் தூரமாக இருந்தால், அல்லது நடுவே ஒரு மலை நின்றால், போன் தன் அலைகளைக் கூடிய வலுவோடு அனுப்ப வேண்டியிருக்கிறது. சிக்னல் அடியோடு இல்லையென்றால் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் பைக்குள் சும்மா கிடந்த போனே மாலைக்குள் காலியாவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். கூதல் காலத்தில் கவனிப்பதால் கூதலைச் சொல்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இவையெல்லாம் உயிர்ப் பிரச்சினையாகின. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மண்சரிவுகளால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மின்சாரம் போனது, பாதைகள் அறுந்தன, பல இடங்களில் தொலைத்தொடர்பும் நின்றது. அப்படி ஒரு இரவில் தளர்ந்த பெட்டரியின் 30 வீதத்தை நம்ப முடியாது.

ஆகவே செய்ய வேண்டியவை. மழை எச்சரிக்கை வந்த அன்றே போனையும் பவர் பேங்கையும் முழுவதும் ஏற்றி வையுங்கள். மற்ற நாட்களில் 80 வீதத்தோடு நிறுத்துவது பெட்டரிக்கு நல்லது. கரண்ட் போனதும் டேட்டாவை அணையுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பேச்சுக்குப் பதில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும், சுவசெரிய அம்புலன்ஸின் 1990ஐயும் வீட்டிலுள்ள பிள்ளைகளும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். மலையேறும்போது சிக்னல் தேவையில்லையென்றால் ஃப்ளைட் மோடில் போட்டு, உடம்பை ஒட்டிய உள் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அணைந்த போனை அடுப்பங்கரையில் வைத்துச் சூடாக்க வேண்டாம். உடம்புச் சூடு போதும். ஹோட்டன் சமவெளியில் உறைபனி விடியலில் விறைத்துப்போன போனை உடனே சார்ஜில் போடக்கூடாது. சுழியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் காரீயத்துக்குள் போகாமல் அதன் மேல் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது. பனிமூட்டத்தில் நனைந்திருந்தால் சார்ஜர் செருகும் துளை காயும்வரை பொறுங்கள். உப்பிய பெட்டரியை ஒரு நாளும் வைத்திருக்காதீர்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது; விபரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

இவ்வளவும் ஒரு குடும்பம் செய்யக்கூடியவை. தோட்ட நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள ஒவ்வொரு தோட்டத்திலும், சனம் ஒதுங்கும் பாடசாலையிலோ கோவில் மண்டபத்திலோ ஒரு சூரிய மின் தகடும், சேமிப்பு பெட்டரியும், இருபது முப்பது போன்களுக்குச் சார்ஜ் ஏற்றும் பலகையும் பொருத்தி வைக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் செய்து முடிக்கக்கூடியது.