பெனிட்டோயிட்: இயல்பும் அருமையும்

1907ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட நீலப் படிகங்கள் தொடக்கத்தில் நீலக்கல் எனக் கருதப்பட்டன. அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் லவுடர்பேக், அவை பேரியமும் டைட்டானியமும் அடங்கிய புதிய சிலிக்கேட் கனிமம் என நிறுவினார்.

நிறத்தை மட்டும் கொண்டு இவ்விரு கற்களையும் வேறுபடுத்த இயலாது. ஒளிவிலகல் எண்களும் நெருங்கியவை. ஆயினும், மோ அளவுகோலில் நீலக்கல்லின் கடினத்தன்மை 9. பெனிட்டோயிட்டின் கடினத்தன்மை 6 முதல் 6.5 வரையே. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் திறனில் பெனிட்டோயிட் வைரத்திற்கு நிகரானது. குற்றலைப் புறஊதாக் கதிர் படும்போது அது செறிந்த நீலமாக ஒளிர்கிறது. பிழையின்றி அடையாளம் காண இவ்வொளிர்வு பெரிதும் துணைசெய்கிறது.

பேரியமும் டைட்டானியமும் ஒரே பாறைச் சூழலில் போதிய அளவு ஒருங்கே செறிவது அரிது. ஜப்பான் முதலிய சில இடங்களில் இக்கனிமம் காணப்படினும், பட்டை தீட்டத்தக்க படிகங்களைக் குறிப்பிடத்தக்க அளவில் வழங்கியது சான் பெனிட்டோ பகுதியே. இக்கல்லின் அருமைக்கு இதுவே காரணம்.